ஜெர்மனியில் முதல் மார்க் எடுப்பவரை எப்படிப் பார்க்கிறார்கள்?

"மகள் அக்டோபரில் ஆகனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறாள். பள்ளியிலிருந்து கல்லூரி வரை எப்போதும் முதல் ரேங்க். ஜெர்மனியில் முந்தி நிற்பவரை யாருக்கும் பிடிக்காது, நன்றாகப் படிப்பதைக்கூட வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. நான் ஸ்டுட்கார்ட் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போனார்கள். நான் பார்த்தவரை, படிப்பில் சிறந்து நிற்பதை ஜெர்மானியர்கள் வெறுப்பதில்லை. அடுத்தவரைத் தாண்டுவதற்காகவே ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்தால்தான் முகம் சுளிக்கிறார்கள். கணக்கு பிடித்துப்போய்க் கணக்கில் புலியானவனுக்கு மரியாதை உண்டு. ரேங்குக்காகக் கணக்குப் போடுகிறவனுக்குக் கேலிதான். இருவரும் வாங்கியது ஒரே மார்க்காகவும் இருக்கலாம்.

அந்தக் கேலிக்கு இங்கே 'ஷ்ட்ரேபர்' என்று பெயர். நம் கல்லூரிகளில் 'படிப்ஸ்' என்று ஓட்டுவார்களே, அதைவிடக் காரம் அதிகம். அதில் சுயநலக்காரன் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கிறது. மணி அடிக்கப்போகும் நேரத்தில் "வீட்டுப்பாடம் தரவே இல்லையே" என்று ஆசிரியருக்கு நினைவூட்டுகிறவன், பரீட்சைத் தாளைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்காதபடி கையை வளைத்து மறைக்கிறவன், "ஒண்ணுமே எழுதல, போச்சு" என்று புலம்பிவிட்டு வகுப்பிலேயே நல்ல மார்க் வாங்குகிறவன், தாள் கையில் வந்ததும் நாலு பேரிடம் "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு போகிறவன், இவர்கள் மேல்தான் அந்தப் பட்டம் விழும். அதே வகுப்பில், தேர்வுக்கு முந்தின நாள் மாலை மூன்று பேருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுநாள் தானும் முதல் மார்க் வாங்கும் பெண் இருப்பாள். அவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்தக் கேலி கொஞ்சம் கொடூரமாகவே இருக்கும், குறிப்பாகப் பையன்களிடம். மேல் வகுப்புகளுக்குப் போகப்போகத் தணிந்துவிடும். மாஸ்டர்ஸ் வகுப்பில் உங்கள் மகள் அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தால் அது விளையாட்டாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தின் ஏற்பாடே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வழியில்லாமல் அமைந்திருக்கிறது. மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 சிறந்தது, 6 மோசம். ரிப்போர்ட் கார்டில் ரேங்க் என்ற பேச்சே இல்லை. தேர்வுத்தாளைத் திருப்பித் தரும்போது ஆசிரியர் பலகையில் ஒரு சின்னக் கட்டம் போடுவார்: 1 வாங்கியவர் இரண்டு பேர், 2 வாங்கியவர் ஏழு பேர், 3 வாங்கியவர் பத்துப் பேர் என்று. பெயர் கிடையாது. தான் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் அதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பெற்றோர் கூட்டத்தில் இன்னொரு பிள்ளையின் மார்க்கைப் பற்றி ஆசிரியர் வாயே திறக்க மாட்டார். பெரும்பாலான மாநிலங்களில் முதல் வகுப்பில் எண் மதிப்பெண்ணே கிடையாது. பிள்ளை எப்படிப் படிக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று பத்தி பத்தியாக எழுதித் தருவார்கள்.

அதற்காகப் பாராட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி இறுதித் தேர்வான அபிடூரில் 1.0 வாங்கியவர்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வரும். 900 புள்ளிக்கு 823 எடுத்தாலே அந்த 1.0 கிடைத்துவிடும், 823 வாங்கியவருக்கும் 900 வாங்கியவருக்கும் சராசரி மதிப்பெண் ஒன்றுதான். இயற்பியலில் சிறந்து விளங்கிய மாணவருக்கு ஜெர்மன் இயற்பியல் கழகம் பரிசு தருகிறது: ஒரு புத்தகமும், கழகத்தில் ஓராண்டு இலவச உறுப்பினர் தகுதியும். 'இந்தப் பாடம் உனக்குப் பிடித்திருக்கிறது போல, வா, எங்களோடு சேர்ந்து உட்கார்' என்கிற மாதிரியான பரிசு அது. ரிப்போர்ட் கார்டு வந்ததும் ஒவ்வொரு 1-க்கும் இவ்வளவு என்று பேரப்பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கும் தாத்தா பாட்டிகளும் இங்கே நிறைய உண்டு. வீட்டுக்குள் மார்க் பெரிய விஷயம்தான். தெருவில் அதைப் பேசுவதில்லை, அவ்வளவே.

நம் ஊரிலிருந்து வருபவர்களை உண்மையில் தடுக்கிவிடுவது இன்னொன்று. இந்த ஊர் வகுப்பறையில் அமைதியாக இருப்பது நல்ல பிள்ளைக்கு அடையாளம் இல்லை. வாய்மொழிப் பங்கேற்பு என்று தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். பல பாடங்களில் ஏறக்குறையப் பாதி மார்க் அதற்கே போகிறது. எழுத்துத் தேர்வில் 1 வாங்கிவிட்டு ஆண்டு முழுக்க ஊமையாக உட்கார்ந்திருந்தால் கடைசியில் கார்டில் 2 அல்லது 3 என்று வரும். ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசலாம், தப்பாகக்கூடப் பேசலாம், ஆனால் பேச வேண்டும். ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆசிரியர் பார்க்கும்வரை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையை இங்கே யாரும் முந்திரிக்கொட்டை என்று சொல்வதில்லை. ஆக, 'முந்தி நிற்கக் கூடாது' என்று உங்கள் நண்பர் சொன்னதை மகள் அப்படியே எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் அடக்கமாக உட்கார்ந்துவிட்டால், அதுதான் அவளுக்கு நஷ்டம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனி எப்போதும் இப்படி இருந்ததில்லை. பேராசிரியர் என்றால் ஊரே தொப்பியைக் கழற்றிய காலம் ஒன்று இருந்தது. 1810-இல் பெர்லினில் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, கல்விச் சிந்தனையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், தேர்வில் ஜெயிப்பதற்காக இல்லாமல் மனிதர் தன்னை உருவாக்கிக்கொள்ளப் படிக்க வேண்டும் என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். 'பாடத்துக்காகப் படி' என்ற இன்றைய பேச்சின் வேர் அங்கே இருக்கிறது. நடைமுறையில் அதே கல்வி ஒரு மேட்டுக்குடியின் அடையாளமாகவும் ஆனது. அப்புறம் நாஜிகள் வந்தார்கள். நாட்டை ஆளப்போகும் தேர்ந்தெடுத்த கூட்டத்தைத் தயாரிக்கிறோம் என்று நாப்போலா என்னும் தனி உறைவிடப் பள்ளிகளை நடத்தினார்கள். போருக்குப் பிறகு 'எலீட்' (தேர்ந்த மேல்தட்டு) என்று யாராவது பேச ஆரம்பித்தாலே கேட்பவர் நெளியத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 1967 நவம்பர் 9 அன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்தது. புதிய துணைவேந்தர் பதவியேற்கும் விழா. பேராசிரியர்கள் நீண்ட அங்கிகளோடு ஊர்வலமாக மண்டபத்துக்குள் இறங்கி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் ஒரு கறுப்புத் துணிப் பதாகையை விரித்துப் பிடித்தார்கள்: அங்கிகளுக்கு அடியில் ஆயிரம் ஆண்டுப் பூஞ்சை நாற்றம் என்று. ஹிட்லர் தன் ஆட்சி ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று பீற்றிக்கொண்டதையும், அந்தப் பேராசிரியர்களில் சிலர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் குத்திய வரி அது. அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் அங்கி பெரும்பாலும் காணாமல் போனது. பட்டமளிப்பு விழாவும் கூடவே போனது. ஒரு தலைமுறையே பட்டச் சான்றிதழை அலுவலக ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோ, தபாலில் வரவழைத்தோ வீட்டுக்குப் போனது. 2005-இல் பான் பல்கலைக்கழகம் அங்கி, தொப்பியோடு விழா எடுக்கத் தொடங்கியபோது அமெரிக்கக் கூத்து என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. இப்போது பல இடங்களில் ஏதோ ஒரு வகை விழா நடக்கிறது. நீங்கள் விசா எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் அளவுக்கு ஆகனில் இருக்குமா என்பதை அவளது துறையில்தான் விசாரிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிப்பதிலும் இதே தயக்கம். பிரான்சில் கிராண்ட் எக்கோல், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று இருப்பதுபோல் ஜெர்மனியில் உச்சாணிக் கொம்பு எதுவும் இல்லை. எல்லா அரசுப் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ ஒரே தரம் என்பது நெடுங்கால நம்பிக்கை. 2004 ஜனவரியில் அப்போதைய கல்வி அமைச்சர் எடெல்கார்ட் புல்மான், முதல்தரப் பல்கலைக்கழகங்களைப் போட்டி வைத்துத் தேடுவோம் என்றார். சமத்துவம் பேசும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரரே இப்படிச் சொல்கிறாரே என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் 190 கோடி யூரோவோடு திட்டம் நிறைவேறியது, ஆனால் பெயரில் 'எலீட்' இல்லை. 'சிறப்புக்கான முன்முயற்சி' என்று வைத்தார்கள். 2006-இல் முதல் சுற்றில் மூனிக்கின் இரண்டு பல்கலைக்கழகங்களும் கார்ல்ஸ்ரூஹேயும் தேர்வாயின. மறு ஆண்டு ஆகன் உட்பட ஆறு சேர்ந்தன. பத்திரிகைகள் முதல் நாளிலிருந்தே அவற்றை எலீட் பல்கலைக்கழகம் என்றுதான் எழுதின. உங்கள் மகள் சேரப்போவதும் அப்படி ஒன்றில்தான். அங்கே யாரும் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவதை நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மேற்கு ஜெர்மனியின் கதை. கிழக்கில் வேறு மாதிரி. சோஷலிச நாடு, எல்லோரும் சமம் என்றாலும், கணிதத்திலும் அறிவியலிலும் திறமை உள்ள பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பொறுக்கியெடுத்துச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். கணித ஒலிம்பியாடு, ரஷ்ய மொழி ஒலிம்பியாடு என்று பள்ளி அளவிலிருந்து நாடு அளவு வரை போட்டிகள். ஆஞ்சலா மெர்க்கல் ரஷ்ய மொழி ஒலிம்பியாடில் பரிசு வாங்கிய பெண். பெர்லினின் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் பள்ளி அந்தக் கணித மரபில் வந்தது. சுவர் இடிந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. அதில் படித்தவர்தான் பீட்டர் ஷோல்ட்ஸ. உலகக் கணித ஒலிம்பியாடில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. 24 வயதில் பானில் முழுப் பேராசிரியர். 2018-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம். நடுவில் ஒரு லட்சம் டாலர் அமெரிக்கப் பரிசு ஒன்றை வேண்டாம் என்று மறுத்தும் விட்டார். ஜெர்மன் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போது, மேதை என்பதைவிட அவர் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறார் என்பதைத்தான் அதிக உற்சாகத்தோடு சொல்லும். ஒரு நாட்டுக்குத் தன் கெட்டிக்காரர்கள் எப்படி இருந்தால் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்தால் போதும்.

பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு: 'நாலு வாங்கினால் வெற்றி.' 4.0 என்பது பாஸ் மார்க். அதைவிட நல்ல மார்க் எடுப்பதெல்லாம் வீணான உழைப்பு என்று கேலியாகச் சொல்வார்கள். கேட்பதற்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், காரணம் உண்டு. பல படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம். பாஸான தேர்வை மார்க் கூட்டுவதற்காக மறுபடி எழுதுவதற்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. அதனால் பொறியியல் மாணவர் இயந்திரவியலில் 2.7 வாங்கிவிட்டுப் பீர் குடிக்கப் போவதில் நியாயம் இருக்கிறது. சட்டப் படிப்பு இன்னும் மோசம்: 18 புள்ளிக்கு 9 வாங்கினாலே அது கௌரவமான மார்க், நீதிபதி வேலைக்கும் பெரிய வக்கீல் நிறுவனங்களுக்கும் கதவு திறக்கும். 14-க்கு மேல் வாங்குபவர் அபூர்வம். அவரைப் பற்றிக் கதைகள் உலவும். சில துறைகளில் நேர் எதிராக, கிட்டத்தட்ட எல்லோருக்கும் 1-உம் 2-உம்தான். 2012-இல் அறிவியல் ஆலோசனை மன்றம் கணக்கெடுத்தபோது மொத்தப் பட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் 'நன்று' அல்லது 'மிக நன்று' என்று வந்திருந்தது. ஆகவே, எந்தத் துறை என்று தெரியாமல் ஒரு ஜெர்மன் மார்க்கை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

மார்க் முக்கியமில்லை என்று சொல்லும் இதே நாட்டில், மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் தசமப் புள்ளி உயிரை எடுக்கும். இடங்கள் குறைவு, கேட்பவர்கள் பல மடங்கு. பல வருடங்களாக அபிடூர் மார்க்கும் காத்திருந்த காலமும்தான் பெரும்பாலும் முடிவு செய்தன. ஏழு ஆண்டுகள்கூடக் காத்திருந்து சேர்ந்தவர்கள் உண்டு. 2017 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த முறையில் ஒரு பகுதி சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. இப்போது 30 சதவீத இடங்கள் அபிடூரில் முன்னணியில் இருப்பவர்களுக்கு. மற்றவற்றில் திறனறித் தேர்வு, மருத்துவத் துறையில் வேலை பார்த்த அனுபவம் எல்லாம் சேரும். டாக்டராக விரும்பும் பதினேழு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் போய்ப் பாருங்கள், நம் ஊர் நீட் வீடுகளின் வாசனை அடிக்கும்.

அப்புறம் முனைவர் பட்டம். மார்க்கைப் பற்றி மூச்சு விடாதவர், பட்டத்தை வீட்டு அழைப்புமணிக்குப் பக்கத்தில் பொறித்து வைத்திருப்பார். தேசிய அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் பெயருக்கு முன் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம். தகுதியில்லாமல் போட்டுக்கொண்டால் அது கிரிமினல் குற்றம். 2011-இல் நாட்டின் மிகப் பிரபலமான அரசியல்வாதியாக இருந்த பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க், ஆய்வேட்டில் திருட்டு என்று தெரிந்து பதவி விலகினார். அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்ன கல்வி அமைச்சர் அனெட்டே ஷாவானின் ஆய்வேடே 2013-இல் மாட்டிக்கொண்டது, அவரும் போனார். 2021-இல் குடும்பநல அமைச்சர் ஃபிரான்ஸிஸ்கா கிஃபைக்கும் அதே கதி, ஆனால் சில மாதத்தில் அவர் பெர்லின் மேயராகிவிட்டார். ஆய்வேட்டுக்காக அமைச்சர்கள் விழும் நாடு படிப்பை அலட்சியமாக நினைக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அரசு முத்திரை குத்தி, சட்டம் அனுமதித்த இடத்தில் உயர்ந்து நிற்கலாம். தானாக எழுந்து நின்றால்தான் பிரச்சினை.

இந்த அடக்கத்தை எல்லாம் நான் அப்படியே மெச்சிக்கொள்ளவும் மாட்டேன். பிள்ளைகளைப் பத்து வயதிலேயே, நான்காம் வகுப்பு முடிந்ததும், வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லின், பிராண்டன்பர்க் போன்ற ஒருசில மாநிலங்களில் ஆறாம் வகுப்பு முடிந்ததும். கிம்னாசியம் போனவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேர்ப்பாதை. மற்றப் பள்ளிகளிலிருந்தும் ஏறி வரலாம், தொழிற்பயிற்சி முடித்து மாஸ்டர் கைவினைஞரானால் நல்ல வருமானமும் மரியாதையும் உண்டு. இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, உண்மையாகவே அப்படித்தான். ஆனாலும் கிம்னாசியத்துக்கு யார் போகிறார்கள் என்பதைப் பெற்றோரின் படிப்பும் தொழிலும் பெருமளவு தீர்மானிக்கின்றன. 2001 டிசம்பரில், பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வின் முதல் முடிவுகள் வந்தபோது ஜெர்மனி அதிர்ந்து போனது இதனால்தான்: மதிப்பெண் சராசரிக்குக் கீழே, குடும்பப் பின்னணிக்கும் வாசிப்புத் திறனுக்கும் இருந்த பிணைப்போ மற்ற நாடுகளைவிட இறுக்கம். 2022 பிசாவில் கணிதத்தில் 475, அதுவரை வந்ததிலேயே குறைவு.

2010-இல் ஹாம்பர்க் அரசு, எல்லாப் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பு வரை ஒன்றாகப் படிக்கட்டும் என்று திட்டமிட்டது. ஜூலை 18 அன்று பொதுவாக்கெடுப்பு. வசதியான பகுதிகளில் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள், திட்டம் தோற்றது. பிள்ளையின் மார்க்கைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசாத அதே பெற்றோர்கள்தான். சமூகவியலாளர் மிஷாயேல் ஹார்ட்மன் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். ஒரே துறையில் ஒரே பட்டம் வைத்திருந்தாலும், பெருமுதலாளி வீட்டுப் பிள்ளைகளே பெரிய நிறுவனங்களின் உச்சிக்கு அதிகம் போகிறார்கள் என்று காட்டினார். அங்கே ஆளைத் தேர்வு செய்வது மார்க் இல்லை, நடை, பேச்சு, அலட்டிக்கொள்ளாத தன்னம்பிக்கை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ மார்க் ஒன்றுதான் கையில் இருக்கும் சீட்டு. அதைக் காட்டினால் 'ஷ்ட்ரேபர்' என்கிறார்கள். அந்தக் கேலியில் எனக்கு உறுத்துவது இதுதான். மார்க்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகிற பண்பு இல்லை.

மேட்டுக்குடி ஏற்பாடுகள் சத்தமில்லாமல் இருக்கத்தான் செய்கின்றன. மூனிக்கில் பவேரியச் சட்டமன்றம் இயங்கும் மாக்ஸிமிலியானேயும் கட்டடம் ஒரு கல்வி அறக்கட்டளைக்குச் சொந்தம். சட்டமன்றம் வாடகைக்கு இருக்கிறது. அந்த அறக்கட்டளை 1852-இல் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியன் தொடங்கியது. அபிடூரில் 1.0 வாங்கி, தலைமையாசிரியர் சிபாரிசு செய்து, அதற்குப் பிறகும் தேர்வுகளில் தேறும் சிலர் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் இலவசமாகத் தங்கிப் படிக்கிறார்கள். இயற்பியலாளர் ஹைசன்பெர்க் அதன் பயனாளி, பவேரியாவை ஆண்ட ஃப்ரான்ஸ் யோசெஃப் ஷ்ட்ராவுஸும்தான். பெண்களுக்கு இடம் 1980-இல்தான் கிடைத்தது. நாடு முழுவதற்கும் 1925-இல் தொடங்கிய ஷ்டூடியன்ஷ்டிஃப்டுங் என்ற கல்வி உதவித்தொகை அறக்கட்டளை இருக்கிறது. அதற்கு நீங்களாகப் போய் விண்ணப்பிப்பதே வெகுகாலம் முடியாத காரியம். ஆசிரியரோ பேராசிரியரோ பெயரைச் சொல்ல வேண்டும். 2010-இல்தான் தேர்வெழுதி நேரடியாக வரும் வழி திறந்தது.

ஜெர்மானியர்களே இதில் ஒருமனதாக இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் மேல் மட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து அச்சிட்ட சான்றிதழ், மற்றவர்களுக்குச் சாதாரணச் சான்றிதழ் என்று ஒரு பழைய ஏற்பாடு. 2023-24 முதல் தொடக்கப் பள்ளிகளில் அதன் போட்டித் தன்மையைக் குறைத்தார்கள். தோற்கக் கற்றுக்கொள்ளாத தலைமுறை வரப்போகிறது என்று ஒரு பக்கம் கூச்சல், கடைசியாக ஓடி வரும் பிள்ளையின் அவமானம் உங்களுக்குத் தெரியுமா என்று இன்னொரு பக்கம். வாரக்கணக்கில் ஓடிய சண்டை.

சரி, மகளுக்கு வருவோம். அவளுடைய ஜி.பி.ஏ.வை இங்கே ஒரு சூத்திரத்தால் மாற்றுவார்கள். பத்துக்கு 8.5, பாஸ் மார்க் 5 என்றால், உச்சத்திலிருந்து அவள் குறைந்த 1.5-ஐ உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள இடைவெளியான 5-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.9. அந்த எண் சேர்க்கைக்கு உதவியதோடு சரி. சக மாணவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது தங்கப் பதக்கம், யுனிவர்சிட்டி ரேங்க் எதையும் சொல்ல வேண்டாம். என்ன ஆராய்ச்சியில் ஆர்வம் என்று சொல்லட்டும். மற்றவரிடம் மார்க் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்கள் மாணவர் சங்கத்திடம் கிடைக்கும், எல்லோரும் பகிர்ந்துதான் படிப்பார்கள். தன் குறிப்புகளை அவள் முதலில் கொடுத்துவிட்டால் அந்தக் குழுவில் அவளுக்கு நிரந்தர இடம்.

பாராட்டை எதிர்பார்த்து ஏமாறவும் வேண்டாம். எங்கள் ஷ்வாபியன் பகுதியில் திட்டாமல் விட்டாலே போதுமான பாராட்டு என்று பழமொழியே உண்டு. ஆகன் எங்களைவிடக் கலகலப்பான ரைன்லாந்து. அங்கேயும் பேராசிரியர் "பரவாயில்லை, ஒழுங்காக இருக்கிறது" என்றால் அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம். கட்டுரையைச் சிவப்பு மையால் குதறித் திருப்பித் தந்தால் அவளைப் பொருட்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அக்கறை இல்லாத மாணவர்களுக்கு அவ்வளவு மை செலவழிக்க மாட்டார்கள்.

அவள் கெட்டிக்காரத்தனத்தை இங்கே யாரும் மேடையேற்றிச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்து, வகுப்பில் இரண்டு நல்ல கேள்வி கேட்டு, ஆலோசனை நேரத்தில் ஒருமுறை போய்ப் பேசியிருந்தால், அடுத்த செமஸ்டர் தொடக்கத்தில் அந்தத் துறையிலிருந்து மின்னஞ்சல் வரலாம்: மாணவ உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, விருப்பமா என்று. ஹிவி என்பார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆய்வேட்டுத் தலைப்பு, முனைவர் இடம், சிபாரிசுக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் அந்த அறையிலிருந்துதான் கிளம்புகின்றன. மின்னஞ்சல் வரவில்லை என்றால் அவளே போய்க் கேட்கலாம், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் கேட்டால் இடம் இருக்க வாய்ப்பு அதிகம்.